தொழிற்சாலை நஞ்சும் பொதுக் கணக்கேடும்

ஒரு தொழிற்சாலை தன் புகைபோக்கி வழியே ஆண்டுக்கு எத்தனை டன் நச்சுப்பொருளை வெளியேற்றுகிறது, அதன் கழிவுநீர்க் குழாய் எந்த ஓடையில் எந்த வேதிப்பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்ற விவரங்கள் அதன் நிர்வாகத்துக்கும், ஓரளவுக்கு அதைக் கண்காணிக்கும் அரசுத் துறைக்கும் தெரிந்தவை. ஆனால் அதே காற்றைச் சுவாசித்து, அதே நிலத்தடி நீரைக் குடித்து வாழும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு வாடையும் இருமலும் கண்ணெரிச்சலும் தவிர வேறு எந்தச் செய்தியும் எட்டுவதில்லை. இந்தக் குறையைப் போக்குவதற்காகக் கடந்த நாற்பது ஆண்டுகளில் பல நாடுகள் ஒரு சட்டக் கருவியை உருவாக்கியுள்ளன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நச்சுப்பொருள்களைக் கையாளும் ஒவ்வொரு தொழிற்சாலையும், எந்தப் பொருளில் எவ்வளவைக் காற்றிலும் நீரிலும் மண்ணிலும் விட்டது, எவ்வளவைக் கழிவாக வேறு இடத்துக்கு அனுப்பியது என்று ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அரசு அந்தக் கணக்கைத் தொழிற்சாலையின் பெயரோடும் முகவரியோடும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மாசு வெளியீடு மற்றும் இடமாற்றப் பதிவேடு என்று துறை சார்ந்தோர் அழைக்கும் இந்த ஏற்பாடு தோன்றுவதற்குக் காரணமான பேரழிவு நிகழ்ந்தது இந்தியாவில். அந்த ஏற்பாடு இன்னும் இல்லாத நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருக்கிறது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் நிலத்தடித் தொட்டி ஒன்றில் தண்ணீர் புகுந்து, அதிலிருந்த ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கொதித்து வாயுவாகி ஊருக்குள் பரவியது. சில நாட்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததை அரசுக் கணக்கே ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டோர் 5,58,125 பேர் என்று பின்னாளில் அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆலையின் பாதுகாப்புக் குறைபாடுகளைப் பற்றி ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982 முதலே எழுதி எச்சரித்திருந்தும் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த இரவின் சாவுகளில் ஒரு பகுதி வாயுவின் கொடுமையால் மட்டும் நேர்ந்தது அன்று. ஆலையில் என்ன பொருள் இருக்கிறது என்பது மதிலுக்கு வெளியே யாருக்கும் தெரியாததால், மருத்துவமனையில் வந்து குவிந்தவர்களுக்கு என்ன சிகிச்சை அளிப்பது என்று மருத்துவர்கள் திணறினர். காற்று வீசும் திசையிலேயே மக்கள் ஓடினர். ஓடும்போது மூச்சு வாங்க வாங்க நஞ்சை மேலும் உள்ளிழுத்தனர். தண்ணீரோடு சேர்ந்து சிதையும் தன்மை கொண்ட அந்த வாயுவிடமிருந்து ஓரளவாவது தப்பிக்க, ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொள்ளலாம் என்ற எளிய அறிவுரைகூட அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை.

அதே நிறுவனம் அதே வேதிப்பொருளைத் தயாரித்த மற்றோர் ஆலை அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இன்ஸ்டிடியூட் என்ற சிற்றூரில் இருந்தது. போபாலில் நடந்தது இங்கு நடக்க வாய்ப்பில்லை என்று அமெரிக்க மக்களுக்கு உறுதி கூறப்பட்டுக்கொண்டிருந்த நிலையில், 1985 ஆகஸ்ட் 11 அன்று அந்த ஆலையிலிருந்து ஆல்டிகார்ப் ஆக்சைம் என்ற மற்றொரு நச்சுப்பொருள் கசிந்து, ஏறத்தாழ 135 பேர் சிகிச்சை பெற நேர்ந்தது. தொழிலாளர் சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சில ஆண்டுகளாகவே எழுப்பி வந்த ‘அறியும் உரிமை’ என்ற கோரிக்கைக்கு அதன்பின் நாடாளுமன்றத்தில் செவிசாய்க்க ஆள் கிடைத்தது. 1986 அக்டோபர் 17 அன்று குடியரசுத் தலைவர் ரீகன் கையெழுத்திட்ட அவசரகாலத் திட்டமிடல் மற்றும் சமூக அறியும் உரிமைச் சட்டத்தின் 313ஆம் பிரிவு, நச்சு வெளியீட்டுப் பட்டியல் என்ற கணக்கேட்டை நிறுவியது.

பத்துப் பேருக்குக் குறையாமல் முழுநேரப் பணியாளர்களைக் கொண்டு, பட்டியலிலுள்ள ஒரு வேதிப்பொருளை ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 11 டன்னுக்கு மேல், தயாரிக்கும் அல்லது பக்குவப்படுத்தும் ஆலையும், அதை வேறு வகையில் 10,000 பவுண்டுக்கு மேல் பயன்படுத்தும் ஆலையும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் படிவம் நிரப்ப வேண்டும். புகைபோக்கி வழியே போனது எவ்வளவு, வால்வுகளிலும் குழாய் இணைப்புகளிலும் கசிந்தது எவ்வளவு, ஆற்றில் விடப்பட்டது எவ்வளவு, அந்த ஆற்றின் பெயர் என்ன, நிலத்தடியில் செலுத்தியது எவ்வளவு, வெளியே அனுப்பியது யாருக்கு என்று படிவம் கேட்கிறது. நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர் இவை உண்மை என்று கையொப்பமிட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 25,000 டாலர் வரை அபராதம் விதிக்கவும் சட்டம் இடமளித்தது. வணிக இரகசியம் என்று கூறி ஒரு பொருளின் பெயரை மறைக்க விரும்பும் ஆலை, அது உண்மையிலேயே இரகசியம்தான் என்பதை அரசுக்கு நிரூபிக்க வேண்டும். இவ்வளவுக்கும், எவ்வளவு வெளியிடலாம் என்ற உச்சவரம்பை இந்தப் பிரிவு விதிக்கவில்லை. ஒரு பவுண்டைக்கூடக் குறைக்கும்படி அது யாருக்கும் ஆணையிடவில்லை. எவ்வளவு விட்டாய் என்று சொல்லிவிடு என்று மட்டுமே கேட்டது. சட்டமியற்றியோர் இன்னொரு தொலைநோக்கான செயலையும் செய்தனர்: இந்தத் தகவல்கள் கணினித் தரவுத்தளத்தில், தொலைத்தொடர்பு வழியே மக்கள் எட்டிப் பார்க்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும் என்று, இணையம் பொதுமக்கள் கைக்கு வராத காலத்திலேயே, சட்டத்திலேயே எழுதி வைத்தனர்.

1987ஆம் ஆண்டுக்கான முதல் படிவங்கள் 1988 ஜூலை 1க்குள் வந்து சேர வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய நாளில், நாட்டின் பெரிய வேதிப்பொருள் நிறுவனங்களுள் ஒன்றான மான்சாண்டோ, காற்றில் தான் விடும் நச்சுப்பொருள்களை 1992க்குள் 90 விழுக்காடு குறைப்பதாகத் தானே முன்வந்து அறிவித்தது. தம் ஆலைகளிலிருந்து வெளியேறும் பொருள்களை ஒரே தாளில் கூட்டிப் பார்க்கும் கட்டாயம் பல நிறுவனங்களுக்கு அதுவரை நேர்ந்ததே இல்லை. வெளியேறிய ஒவ்வொரு பவுண்டும் காசு கொடுத்து வாங்கிய மூலப்பொருள் என்பதைக் கணக்கு கண்முன் காட்டியபோது, சில ஆலைகளில் கசிவுகளை அடைப்பதே இலாபமாக முடிந்தது. 1989இல் தகவல்கள் வெளியானதும் நாளேடுகள் மாவட்டவாரியாகப் பட்டியல் போட்டன. அதிக மாசு வெளியிட்டதாகத் தெரியவந்த நிறுவனங்களின் பங்குவிலை சரிந்தது. அதிகம் சரிந்த நிறுவனங்களே பின்னர் அதிகமாகக் குறைத்தன என்று பொருளியல் ஆய்வாளர்கள் கண்டனர்.

இந்தக் கணக்கின் விளைவு அதோடு நிற்கவில்லை. 1970இன் தூய காற்றுச் சட்டம் அபாயகரமான காற்று மாசுக்களுக்கு வரம்பு விதிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்திருந்தும், இருபது ஆண்டுகளில் ஏழே ஏழு பொருள்களுக்குத்தான் வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அறிவியல் சான்று போதாது என்ற வாதமும் வழக்கும் காலத்தைத் தின்றன. 1987ஆம் ஆண்டில் மட்டும் 270 கோடி பவுண்டு நச்சுப்பொருள் காற்றில் விடப்பட்டது என்று ஆலைகள் தம் கையாலேயே எழுதிக்கொடுத்த கணக்கு வந்தபின் அந்த வாதம் எடுபடவில்லை; 1990இல் சட்டத்தைத் திருத்தியபோது 189 பொருள்களை நாடாளுமன்றமே பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அவற்றுக்குக் கட்டுப்பாடு கொண்டுவரும்படி ஆணையிட்டது. பொது அறிவிப்பு ஒன்று, கட்டுப்பாடு மற்றொன்று என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் வாதம் அவ்வப்போது எழுகிறது. தகவல் வெளியானாலே போதும், வரம்பும் தண்டனையும் வேண்டாம் என்று தொழில்துறையில் சிலர் சொல்வதுண்டு. நடந்த வரலாறு அதற்கு நேர்மாறானது. பொதுக் கணக்கு வந்த பிறகே கட்டுப்பாட்டுக்கு வலு வந்தது. தொடக்கத்திலிருந்து பட்டியலில் இருந்த பொருள்களின் மொத்த வெளியீடு முதல் பத்தாண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததற்கு இவ்விரண்டும் சேர்ந்தே காரணம்.

இந்தப் பட்டியலின் குறைகளும் சிறியவை அல்ல. முதலாவதும் பெரியதுமான குறை, ஆலைகள் தாமே கணக்கிட்டுத் தருகின்றன என்பது. புதிதாகக் கருவி வைத்து அளக்க வேண்டும் என்று 313ஆம் பிரிவு கேட்கவில்லை. கையிலுள்ள தரவையோ நியாயமான மதிப்பீட்டையோ கொடுத்தால் போதும். மதிப்பிடும் சூத்திரத்தை மாற்றியே, ஒரு வால்வைக்கூடத் தொடாமல், காகிதத்தில் மாசைக் குறைத்துக் காட்ட இதனால் வழி பிறந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைப் பொறுத்தவரை இந்த ஓட்டையை அடைக்க 2015இல் ஒரு விதி வந்தது. புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனை ஆலையின் வேலியோரத்தில் சுற்றிலும் கருவிகள் வைத்து அளந்து, ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் கசிவைத் தேடிச் சரிசெய்ய வேண்டும் என்றும், அந்த அளவீடுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றும் அது கூறியது. புகைபோக்கியில் என்ன போகிறது என்று ஆலை சொல்வதை நம்புவதைவிட, வேலியைத் தாண்டி ஊருக்குள் என்ன வருகிறது என்று அளப்பது எவ்வளவோ நம்பகமானது.

இரண்டாவது குறை, எடையை மட்டும் பார்ப்பது. ஒரு டன் அம்மோனியாவும் ஒரு கிலோ டையாக்சினும் ஒரே பட்டியலில் எடை வரிசையில் நின்றால், கொடியது எது என்று படிப்பவர் தவறாகவே முடிவு செய்வார். பாதரசம், ஈயம் போன்று உடலிலும் மண்ணிலும் அழியாமல் தங்கிச் சேரும் பொருள்களுக்குக் கணக்குத் தரவேண்டிய வரம்பு 2000, 2001 ஆண்டுகளில் வெகுவாகக் குறைக்கப்பட்டதும், பாதரசத்துக்கு வெறும் 10 பவுண்டாக, அதாவது ஏறத்தாழ நாலரைக் கிலோவாக, ஆக்கப்பட்டதும் இதனால்தான். உலோகச் சுரங்கங்களும் மின்நிலையங்களும் 1998 வரை கணக்கில் சேராமலேயே இருந்தன. 2006இல் நிர்வாகச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி விரிவான படிவம் தரவேண்டிய வரம்பு தளர்த்தப்பட்டது. மக்கள் அமைப்புகளும் பல மாநில அரசுகளும் எதிர்த்ததால் 2009இல் நாடாளுமன்றம் பழைய வரம்பை மீட்டது.

கனடா 1993இலும், ஆஸ்திரேலியா 1998இலும் தமக்கான பதிவேடுகளைத் தொடங்கின. ஜப்பான் 1999இல் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய நாடுகள் 2003இல் கீவ் நகரில் இதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இவை அனைத்தும் வசதி படைத்த நாடுகள், நமக்கு இது ஒத்துவராது என்ற பேச்சுக்கு இந்தோனேசியா பதில் சொல்லியிருக்கிறது. ஆய்வாளர்களும் பணமும் குறைந்த அந்நாட்டின் சுற்றுச்சூழல் நிறுவனம் 1995இல் ப்ரோப்பர் என்ற திட்டத்தின் கீழ் 187 ஆலைகளை ஆராய்ந்து, எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்தது: தங்கம், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. முதல் மதிப்பீட்டில் தங்கம் யாருக்கும் கிடைக்கவில்லை. பச்சை பெற்றவை ஐந்து. மூன்றில் இரண்டு பங்கு ஆலைகள் சிவப்பிலும் கறுப்பிலும் விழுந்தன. பச்சை பெற்றவற்றின் பெயரை உடனே பாராட்டி அறிவித்த அரசு, மற்றவர்களுக்குத் திருந்துவதற்கு ஆறு மாத அவகாசம் கொடுத்துவிட்டு, டிசம்பரில் பெயர்களை வெளியிட்டது. பெயர் வெளியாகப்போகிறது என்ற செய்தியே பல ஆலைகளைச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வைத்தது.

இந்தியாவில் சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. போபாலுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41-பி பிரிவு, அபாயகரமான தொழில் நடத்துவோர் அதன் ஆபத்துகளையும் தற்காப்பு முறைகளையும் தொழிலாளர்களுக்கும் உள்ளாட்சிக்கும் அக்கம்பக்கத்துப் பொதுமக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. அதற்கும் முன்பே, 1974இன் நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்கு வழங்கும் இசைவாணைகளின் நிபந்தனைகளை, அதாவது எவ்வளவு கழிவுநீரை எந்தத் தரத்தில் விடலாம் என்ற விவரங்களை, ஒரு பதிவேட்டில் குறித்து வைத்து, பாதிக்கப்பட்ட எவரும் பார்வையிட அனுமதிக்க வேண்டும் என்று கூறியிருந்தது. இசைவாணை பெறும் ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள், எவ்வளவு தண்ணீரும் மூலப்பொருளும் செலவாயின, எவ்வளவு மாசு வெளியேறியது என்று ‘சுற்றுச்சூழல் அறிக்கை’ ஒன்றை வாரியத்துக்குத் தர வேண்டும் என்ற விதி 1990களின் தொடக்கம் முதல் இருக்கிறது. அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்களின் புகைபோக்கிகளிலும் கழிவுநீர் வாயில்களிலும் நிகழ்நேரக் கருவிகள் பொருத்தும்படி 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆணையிட்டது. அந்த அளவீடுகளை வாரியங்களின் இணையதளத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கும்படி 2017இல் உச்ச நீதிமன்றம் பணித்தது.

ஆக, அமெரிக்காவில் 1986இல் சட்டம் போட்டுக் கேட்டு வாங்கிய தகவலில் பெரும்பகுதி இந்தியாவில் ஏற்கெனவே அரசு அலுவலகங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. வந்த அறிக்கைகளைத் தொகுத்து, ஆலைவாரியாக, பொருள்வாரியாக, ஆண்டுவாரியாக ஒப்பிட்டுப் பார்க்கும்படி யாரும் வெளியிடுவதில்லை. இணையத்தில் வரும் நிகழ்நேர எண்களும் பல இடங்களில் அந்தந்த நேரத்துக்கு மின்னி மறைபவை. ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள் வரம்பு மீறப்பட்டது என்ற எளிய கேள்விக்கு ஒரு கிராம சபை அவற்றிலிருந்து விடை காண முடியாது. 2009இல் மத்திய வாரியம் 88 தொழிற்பகுதிகளை ஆராய்ந்து, அவற்றுள் 43 மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று மதிப்பெண்ணோடு அறிவித்தது. தமிழ்நாட்டில் வேலூர், கடலூர், மணலி, கோயம்புத்தூர் ஆகியவை அவற்றில் அடங்கும். ஊருக்கு மதிப்பெண் கிடைத்ததே தவிர, அந்த மதிப்பெண்ணை ஊருக்குத் தேடித்தந்த ஆலைகளின் பங்கு எவ்வளவு என்பது வெளிவரவில்லை.

கணக்கை வாங்கினால் மட்டும் போதாது, அது மெய்யா என்று சோதிக்கவும் வேண்டும் என்பதற்குக் குஜராத்தில் நடந்த ஓர் ஆய்வு நேரடிச் சான்று. அங்கு உயர் நீதிமன்ற ஆணைப்படி 1996 முதல் ஆலைகளைத் தனியார் தணிக்கையாளர்கள் ஆண்டுதோறும் சோதித்து அறிக்கை தர வேண்டும். தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குக் கூலி கொடுப்பதும் அந்த ஆலையே. எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோஹிணி பாண்டே, நிகோலஸ் ரையன் ஆகிய பொருளியலாளர்கள் அகமதாபாத், சூரத் பகுதிகளில் மாநில வாரியத்தோடு சேர்ந்து இதைச் சோதித்தனர். புகையிலுள்ள துகள்களுக்குக் கன மீட்டருக்கு 150 மில்லிகிராம் என்பது வரம்பு. வழக்கமான தணிக்கை அறிக்கைகளில் அளவுகள் அந்த 150க்குச் சற்றே கீழே கும்பலாக வந்து நின்றன. வரம்பு மீறியதாக அறிக்கைகள் காட்டியவை 7 விழுக்காடு ஆலைகள். தனியே அளந்து பார்த்தபோது மீறியிருந்தவை 59 விழுக்காடு. பின்னர் ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, பொது நிதியிலிருந்து கூலி கொடுத்து, அவர் அளந்ததை இன்னொருவர் மறுபடி அளக்க ஏற்பாடு செய்ததும், அறிக்கைகள் உண்மை பேசத் தொடங்கின. அதைவிட முக்கியமாக, அந்த ஆலைகள் மாசையும் குறைத்தன. 2013இல் இந்த முடிவுகள் வெளியாயின. கூலி கொடுப்பவர் மாறியதும் அதே ஊரில், அதே கருவியில், அதே தொழில் தெரிந்த ஆட்கள் வேறு எண்ணை எழுதினர் என்பதை நாட்டின் ஒவ்வொரு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பாடமாகக் கொள்ள வேண்டும்.

எழுதிய எண்ணைச் சரிபார்க்க மற்றொரு வழி, பொருள் வரவு-செலவுக் கணக்கு. ஆலைக்குள் வந்த வேதிப்பொருளின் எடையிலிருந்து, விற்பனைக்குப் போன பண்டத்தில் இருப்பதையும் முறையாக அகற்றிய கழிவில் இருப்பதையும் கழித்தால், மிஞ்சுவது எங்கேயோ வெளியேறியிருக்க வேண்டும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியும், 1989இன் நச்சுப் பயன்பாட்டுக் குறைப்புச் சட்டத்தின் வழியே மாசசூசெட்ஸும் இத்தகைய கணக்கைக் கேட்கின்றன. இதன் அருமையைத் தமிழ்நாட்டில் கொடைக்கானல் விளங்க வைக்கிறது. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து இயந்திரங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1980களில் அங்கு நிறுவப்பட்ட, பின்னாளில் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்த வெப்பமானித் தொழிற்சாலைக்குப் பாதரசம் இறக்குமதியாக வந்தது. செய்த வெப்பமானிகள் அனைத்தும் ஏற்றுமதியாகப் போயின. வரவும் செலவும் இப்படித் துறைமுகத் தாள்களில் பதிவாகும் ஆலையில், இடையே காணாமற்போகும் பாதரசத்தைக் கணக்கிடுவது கடினமான காரியம் அல்ல. இருந்தும், 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் குழாய்கள் 7 டன்னுக்கு மேல் குவிந்து கிடந்ததை உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் கண்டுபிடிக்கும்வரை விவரம் வெளியே வரவில்லை. ஆலை மூடப்பட்டது, 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது, முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு 2016இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை அந்த வரவு-செலவு அச்சில் வந்திருந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போகும்வரை காத்திருக்க நேர்ந்திராது.

தகவல் வராத இடத்தில் மக்களே அளக்கத் தொடங்கியதும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்தார் 2004 முதல், எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து எத்தகைய வாடை வந்தது என்று குறித்துவைத்தனர். அமெரிக்காவில் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகில் வாழ்வோர் உருவாக்கிய எளிய முறைப்படி, பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்த சிறப்புப் பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். பகுப்பாய்வில் 22 வேதிப்பொருள்கள் தென்பட்டன. அவற்றுள் எட்டு புற்றுநோயோடு தொடர்புடையவை. அரசும் ஆலைகளும் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை, வயலிலும் கடலிலும் பாடுபடும் மக்கள் வேலை முடிந்து வந்து செய்ய வேண்டியிருந்தது வருந்தத்தக்கது. அவர்கள் செய்தது பாராட்டத்தக்கது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில், கோரமண்டல் நிறுவனத்துக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து, எந்த வாயு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வீதிக்கு ஓடிவந்தனர். கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கலாம் என்ற இடத்தில் 49 மில்லிகிராம் அம்மோனியா இருந்ததை வாரியம் பிறகு அளந்து சொன்னது. போபாலுக்கு 39 ஆண்டுகள் கழித்து, அதே அறியாமையில் ஒரு மீனவ ஊர் விடப்பட்டிருந்தது என்பதை மன்னிக்கக்கூடிய குறையாகக் கருத இயலாது.

இதற்கிடையே தண்டனை இலேசாகியிருக்கிறது. 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டமும் 2024இன் நீர்ச் சட்டத் திருத்தமும், பல மீறல்களுக்கு இருந்த சிறைத்தண்டனையை நீக்கி, பத்தாயிரம் ரூபாய் முதல் பதினைந்து இலட்சம் வரையிலான அபராதமாக மாற்றின. பெரிய ஆலை ஒன்றுக்குப் பதினைந்து இலட்சம் என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி. சிறை அச்சம் விலகிய இடத்தில் பெயர் வெளிப்படும் அச்சமாவது இருக்க வேண்டும். இதற்குப் புதிய படிப்பும் பெரும் பணமும் தேவையில்லை. ஏற்கெனவே வந்து சேரும் சுற்றுச்சூழல் அறிக்கைகளையும் நிகழ்நேரத் தரவையும் ஆலையின் பெயரோடு தமிழிலும் வெளியிடுவது, வரம்பு மீறிய நாட்களைத் தனியே காட்டுவது, பாதரசம் போன்ற கொடிய பொருள்களுக்கு வரவு-செலவுக் கணக்குக் கேட்பது, தணிக்கையாளரை வாரியமே ஒதுக்குவது, வேலியோரத்தில் அளப்பது ஆகியவற்றை மாநில அரசே தொடங்கலாம்.

அதுவரை, ஆலைக்கு அருகில் வாழ்வோர் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குச் சென்று நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி இசைவாணைப் பதிவேட்டைக் காட்டும்படி கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு, குறிப்பிட்ட ஆலையின் இசைவாணை நகல், கடந்த மூன்று ஆண்டுகளின் சுற்றுச்சூழல் அறிக்கைகள், வாரியம் எடுத்த மாதிரிகளின் ஆய்வு முடிவுகள், வரம்பு மீறலுக்காக அனுப்பிய விளக்கம் கேட்கும் அறிவிப்புகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டியது அலுவலகத்தின் கடமை. கிடைத்த தாள்களைக் கிராம சபையில் வாசித்து, பதிவு செய்யக் கேளுங்கள்.